மடக்கிய மூன்று விரல்

அவரிடம் கை கொடுத்தால் உடனே திரும்பக் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் மற்றவர்கள் ஒரு குலுக்கோடு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். இவர் பிடித்த கையை வைத்துக்கொண்டே மழை உண்டா, மகளுக்குப் பரீட்சை எப்போது, முழங்கால் வலி தேவலையா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். விசாரிக்கும்போதே அவர் கட்டைவிரல் நம் விரல் முட்டிகளை ஒன்று விடாமல் அழுத்திப் பார்க்கும். ஆள் மாட்டுத் தரகர். ஒட்டன்சத்திரம் பக்கத்துச் சந்தைகளில் நாற்பது வருடம் மாடு பிடித்துக் கொடுத்தவர்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் எங்கள் சபையில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. போதகர் அறிவிப்பு வாசிக்கும்போதுகூட ‘நம்முடைய தரகர்’ என்றுதான் வாசிப்பார். எனக்கு அவர் மாமா, அவர் மனைவி அத்தை. சொந்தமெல்லாம் இல்லை, கோயிலில் வந்த முறை.

கல்யாணம் முடிந்து என் வீட்டுக்காரரோடு முதன்முதலாகக் கோயிலுக்கு வந்த அன்று, மாமா அவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: “நல்ல உழவு மாடு தாயி. பத்திரமா வச்சுக்க.” என் வீட்டுக்காரர் அதை விருது மாதிரி ஒரு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். என்னைப் பற்றி என்ன மதிப்புப் போட்டார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. வாய் நீளம் என்று சொல்லியிருப்பார், அது உண்மையும்கூட.

பிரசங்கத்தில் முதல் ஐந்து நிமிடம் விழித்திருப்பார். அப்புறம் தூக்கம்தான். ஆனால் அறுப்பின் பண்டிகை என்றால் ஆளே வேறு. சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் தேங்காய், பூசணி, சேவல் எல்லாவற்றையும் அவர்தான் ஏலம் விடுவார். ஒரு வருடம் புது மாப்பிள்ளை ஒருவர், மாமனார் வீட்டார் பார்க்கிறார்களே என்று, ஒரு பூசணிக்காய்க்கு ஏற்றிக்கொண்டே போனார். எதிரில் கேட்டது அரிசி ஆலைக்காரர். எல்லாருக்கும் கொண்டாட்டம். ஆலைக்காரர் ஒரு தொகை சொன்னதும் தரகர் மூச்சு விடாமல் “ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்” என்று முடித்துவிட்டார். மாப்பிள்ளை திறந்த வாயை மூட நேரமில்லை. அன்றைக்கு மாப்பிள்ளைக்கு முகம் தொங்கிவிட்டது. அவருடைய மனைவி மட்டும் தரகரைப் பார்த்துக் கும்பிட்டதை நான் கவனித்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பாடம் எடுத்தவர், நான் நர்ஸ். மலாவி நாட்டில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் சின்ன மருத்துவமனையும் அதை ஒட்டி ஒரு தொழிற்பள்ளியும் இருந்தன. இரண்டு பேருக்கும் அங்கே வேலை இருந்தது, சம்பளம் இல்லை. எங்களை அனுப்பும் மிஷன் சங்கத்தின் விதி கறாரானது. எங்கள் மாதச் செலவு முழுவதையும் தாங்குவதாக வாக்குக் கொடுக்க ஆட்கள் கிடைத்த பிறகுதான் டிக்கெட் போடுவார்கள். ஈஸ்டர்தான் கெடு. தவறினால் அந்த இடம் வேறு குடும்பத்துக்குப் போய்விடும். நாங்களோ எல்லாம் கூடிவந்துவிட்ட மாதிரி வேலையை விட்டுவிட்டோம், வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டோம், மகளுக்கு டி.சி.யும் வாங்கியாயிற்று. வெளியில் அதை விசுவாசம் என்று சொல்லிக்கொண்டோம். அவசரக்குடுக்கைத்தனம் என்பதுதான் சரி, அதில் பெரும்பங்கு எனக்குரியது.

ஞாயிறுதோறும் ஒரு சபை. கொடைரோட்டில் காலை, வத்தலக்குண்டில் மாலை. என் வீட்டுக்காரர் சாட்சி சொல்வார், நான் பாடுவேன், மகள் மலாவி மொழியில் ஒரு வணக்கம் சொல்லிக் கைதட்டல் வாங்குவாள். கடைசியில் எங்கள் மூவரின் படம் போட்ட ஜெப அட்டையைக் கொடுப்போம். பல வீட்டு பிரிட்ஜ் கதவுகளில் அந்த அட்டை இன்னும் ஒட்டியிருக்கிறது, மகளுக்கு முன்பல் இல்லாத படம். “அங்ஙன சிங்கம் வீட்டுக்குள்ள வருமாம்மா?” என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு குடும்பம் கையில் பணமில்லை என்று ஒரு பை நிறைய மல்லிகை கொடுத்தது. திண்டுக்கல் வந்து சேரும்வரை பஸ்ஸே கல்யாண வீடு மாதிரி மணத்தது. ஜெபிக்கிறோம் என்று எல்லாரும் மனதாரச் சொன்னார்கள். மாதாமாதம் தாங்குகிறோம் என்றவர்கள்தான் குறைவு.

கேட்பது எனக்குப் பிடிக்காத வேலை. கேட்கக் கூச்சம், கிடைக்காவிட்டால் கோபம். இரண்டும் ஒரே பெண்ணிடம் இருந்தால் அந்த வீடு எப்படி இருக்கும் என்று என் வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

கடைசியாக எங்கள் சொந்தச் சபை. ஆராதனை முடிந்ததும் சபைச் செயலர் மைக்கைப் பிடித்தார். ஒவ்வொரு குடும்பமாக எழுந்து மாதம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும், சொன்னதும் கைதட்டல். அதுதான் வழக்கம். நூறு என்று நினைத்து வந்தவர், முன்வரிசைக்காரர் சொன்ன ஐந்நூறைக் கேட்டுவிட்டுத் தானும் ஐந்நூறு என்பார். உண்மையைச் சொன்னால், நான் அதைத்தான் நம்பியிருந்தேன். அரை மணி நேரத்தில் எங்கள் தொகை நிறைந்துவிடும்.

அப்போது பார்த்துத் தரகர் விழித்துக்கொண்டார்.

“செத்த இருங்க,” என்று எழுந்தார். “சந்தையில ஒரு கெடேரிக் கன்னுக்கே துண்டப் போட்டு மறைச்சுத்தேன் வெல பேசுறோம். வாங்குறவனுக்கு ஒரு மானம், விக்கிறவனுக்கு ஒரு மானம். இங்ஙன மைக்குல கூவச் சொல்றீகளே?”

“நீங்கதானண்ணே அறுப்பின் பண்டிகைக்கு ஏலம் விடுறீங்க?” என்றார் செயலர்.

“அது பூசணிக்கா. ஒரு தரம் குடுத்தாச் சோலி முடிஞ்சு போச்சு. இது மாசாமாசம்ல.”

போதகர் சிரித்துக்கொண்டே தலையசைத்துவிட்டார். தரகர் தோள் துண்டை உதறி வலது கையின் மேல் போட்டுக்கொண்டு பக்கவாசலில் போய் நின்றார். சந்தை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துண்டுக்கு அடியில் தரகர் கையை நீட்டுவார். எவ்வளவு கொடுக்க மனசோ அத்தனை விரலைப் பிடிக்க வேண்டும். பேச்சுக் கிடையாது, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. “ஒரு வெரலு மாசம் நூறு,” என்றார். “மனசுல நெனச்சுக்கிட்டு வாங்க.” மக்கள் வரிசையில் போய்க் கையை நுழைத்து எடுத்தார்கள். எல்லாரும் முடிந்தபின் போதகரிடம் போய்க் கூட்டுத்தொகையை மட்டும் சொன்னார். யார் எவ்வளவு என்பது அவர் தலைக்குள்ளேயே இருந்தது. ஒரு துண்டுச்சீட்டில்கூட எழுதவில்லை.

எங்களுக்கு வேண்டியதில் பாதிதான் தேறியிருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கடைத்தெருவில் பள்ளி விடுதியில் சமைக்கும் அக்காவைப் பார்த்தேன். கணவர் இல்லாதவர், ஒரே மகன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

“அஞ்சு வெரலயும் பிடிச்சேன்மா. மூணை மடக்கிப்புட்டாரு. நான் இழுத்துப் பாத்தேன், நிமித்தவே இல்ல. ஏம்மா, எங் காசு ஆகாதாமா?”

எனக்குக் காது சுட்டது. விசாரித்தேன். இன்னும் நிறையப் பேர், வெட்கத்தோடு, அதையேதான் சொன்னார்கள். மடக்கிய விரல்களை எல்லாம் நிமிர்த்தினால் எங்கள் பயணத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும் போலிருந்தது. எங்கள் மூட்டை முடிச்சு கட்டிக் கிடக்கிறது, வீட்டுக்கு அடுத்த மாதம் வேறு ஆள் வருகிறார், இந்த மனிதர் வருகிற பணத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்!

மத்தியானம் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

“வா தாயி. சாப்டியா? வெஞ்சனம் பெருசா ஒண்ணும் இல்ல, கத்திரிக்காதேன். உக்காரு.”

நான் உட்காரவில்லை. “வெரல மடக்க உங்களுக்கு யாரு மாமா உரிமை குடுத்தது? அவங்க ஆண்டவருக்குக் குடுக்குறாங்க. நடுவுல நீங்க யாரு?”

“தரகன்,” என்றார்.

சோற்றைப் பிசைந்தபடியே தொடர்ந்தார். “அந்த விடுதிப் புள்ள மொத மாசம் அஞ்சு வெரலு குடுப்பா. ரெண்டா மாசம் கடன வாங்கிக் குடுப்பா. மூணா மாசம் மவனுக்குப் பீசு கட்டணும், குடுக்க முடியாது. எம் மொகத்தப் பாக்கக் கூச்சப்பட்டுக்கிட்டுக் கோயிலுக்கு வாரதையே நிப்பாட்டிப்புடுவா. ஒனக்கு துட்டும் போச்சு, அவளுக்குக் கோயிலும் போச்சு. நீ அம்புட்டுத் தூரத்துல புள்ளய வச்சுக்கிட்டு யாருக்குப் போன் போடுவ?”

அவர் சொன்னது சரி என்று அப்போதே மனதின் ஒரு மூலைக்குத் தெரிந்தது. அது தெரிந்ததால்தான் வாய் இன்னும் மோசமாகப் போனது.

“மாட்டுல ரெண்டு பக்கமும் தரகு வாங்கிப் பழகுனவரு நீங்க. இதுல ஒண்ணும் கெடைக்கலைன்னு மனசு வரலையோ?”

அத்தை குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றார். மாமா தட்டைப் பார்த்தார். நான் படியிறங்கி வந்துவிட்டேன். தெருமுனை தாண்டும்போதே சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. திரும்பிப் போகவில்லை. அதுதான் என் குணம்.

அடுத்த ஞாயிறு அவரைக் கோயிலில் காணவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். பிறகுதான் போதகர் சொன்னார். தரகர் தன் பழைய மொபெட்டில், துண்டை எடுத்துக்கொண்டு, நாங்கள் சாட்சி சொல்லிவிட்டு வந்த சபைகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தார். கொடைரோடு, வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, நடுவில் உள்ள சின்னச் சின்னக் கிராமத்துக் கோயில்கள். ஆராதனை முடியும்வரை கடைசி பெஞ்சில் தூங்குவது, பிறகு வாசலில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்பது. பெரிய தொகை யாரும் கொடுக்கவில்லை. ஒரு விரல், இரண்டு விரல். நிலக்கோட்டையில் பூக்கட்டும் பெண்கள் இருவர் சேர்ந்து வந்து ஒரே விரலை ஆளுக்குப் பாதியாகப் பிடித்தார்களாம்.

லெந்து என்கிற தவக்கால நாட்கள் முழுக்க இப்படி அலைந்தார். ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால், குருத்தோலை ஞாயிறன்று மாலை போதகர் எங்கள் வீட்டுக்கு வந்து, “நெறஞ்சிருச்சு. தரகர் சொல்லிட்டாரு, கெளம்புங்க,” என்றார். என் வீட்டுக்காரர் அழுதேவிட்டார். நான் பெட்டிகளை மறுபடி எண்ணுவதுபோல உள்ளே போய்விட்டேன்.

வழியனுப்பும் ஜெபத்தன்று வழக்கம்போல் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நன்றி மாமா,” என்றேன். கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது சொல்கிற நன்றி மாதிரி இருந்தது அது. அவர் கண்டுகொள்ளவில்லை. “போய்ட்டு வா தாயி. தண்ணியக் காச்சிக் குடி. புள்ளைக்குத் தலையில எண்ண வையி,” என்றார்.

மலாவியில் முதல் இரண்டு வருடம் எனக்கு அவர் நினைவு அதிகம் வரவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் பக்கவாசலில் அதே துண்டுக்கு அடியில் அவரவர் காசை வாங்கி, மற்ற ஊர்க் காசையும் சேர்த்து, போதகர் வழியாக அனுப்பிவிடுவார். பணம் மாதாமாதம் வந்தது. கூடவில்லை, குறையவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதைப் போல எடுத்துக்கொண்டேன். எங்களோடு மிஷன் சங்கத்தின் பயிற்சியில் இருந்த வேறு ஊர்க் குடும்பம் ஒன்று பக்கத்து ஊரில் ஊழியம் செய்தது. பெரிய மாநாட்டில், பலத்த கைதட்டலோடு, ஒரே நாளில் முழு ஆதரவும் கிடைத்த குடும்பம் அது. இரண்டாம் வருட நடுவில் அவர்களுக்கு வரவு பாதியாகி, பிறகு கால்வாசியாகி, கடைசியில் பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தி ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. சாமான் கட்ட உதவிக்குப் போனேன். ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்: “உங்களுக்கு மட்டும் எப்படிங்கக்கா வந்துக்கிட்டே இருக்கு?”

எங்கள் ஊரில் ஒருவர் விரலை மடக்கினார் என்று நான் எப்படிச் சொல்வேன்? வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன். என் வீட்டுக்காரர் காரணம் கேட்டார். “மாமாகிட்ட அப்படிப் பேசிட்டேனே,” என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

ஊரடங்கு வந்தபோது அவரே போன் செய்தார். “ரெண்டு மாசம் கொறையும் தாயி. இப்பவே சொல்லிப்புட்டேன், அரிசி பருப்ப அதுக்குத் தக்கன வாங்கிப் போட்டுக்க. மூணா மாசம் சரியாயிரும்.” அவர் சொன்ன மாதிரியே குறைந்தது, சொன்ன மாதிரியே சரியானது. அன்றைக்கு எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று, “மாமா, அன்னைக்கு உங்க வீட்டுல நான் பேசுனது…” என்று ஆரம்பித்தேன்.

“லைனு விட்டு விட்டுக் கேக்குது தாயி. வச்சிர்றேன்,” என்றார்.

லைன் நன்றாகத்தான் இருந்தது. அவர் வீட்டுச் சேவல் கூவியதுகூட எனக்குக் கேட்டது.

போன வருடம் போதகர் கூப்பிட்டு, தரகர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார். நான் அழுதேன். அழுகை ஓய்ந்ததும் வந்தது பயம். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? யார் எத்தனை விரல் பிடித்தார்கள் என்பது அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது. போதகரிடமும் கூட்டுத்தொகைதான் இருந்தது. யாரிடம் போய்க் கேட்பது, என்னவென்று கேட்பது? மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். மறுபடியும் பாதியில் ஒரு டி.சி. என்று மனது கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

மாதத்தின் முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் மக்கள் பழக்கத்தில் பக்கவாசலுக்கு வந்து வரிசையில் நின்றுவிட்டார்களாம். வந்தபிறகுதான் எதிரில் ஆளில்லை என்பது உறைத்திருக்கிறது. அப்போது அத்தை பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். கைப்பையிலிருந்து மாமாவின் துண்டை எடுத்து வலது கையின் மேல் போட்டுக்கொண்டார்.

“எனக்கும் வெரலு தெரியும். வாங்க,” என்றாராம்.

அந்த மாதமும் பணம் வந்தது. கூடவில்லை, குறையவில்லை.

இந்த ஜூனில் விடுமுறைக்கு ஊர் வந்தோம். முதல் வேலையாக அத்தையைப் பார்க்கப் போனேன். அதே சமையலறை வாசல். இந்த முறை உட்கார்ந்தேன். கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றினார். இரண்டு வாய் சாப்பிட்டதும் சொல்லிவிட்டேன். “அத்தை, அன்னைக்கு நான் மாமாவப் பேசுனது…”

“அன்னைக்கு அவரு அதுக்கப்புறம் சோத்துல கை வைக்கல,” என்றார். எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன். “ஆனா ஒம்மேல கோவமில்ல தாயி. ‘தரகன்கிட்ட அப்படித்தேன் கேக்கணும், சரியாத்தேன் கேக்குறா’ன்னாரு.”

“நான் கேட்டது தப்பு அத்தை. அவர் மடக்குனதாலதான் நாங்க இன்னும் அங்க இருக்கோம்.”

அத்தை சிரித்தார். “அவருக்கு மடக்கக் கத்துக்குடுத்ததே நாந்தேன்.”

எனக்குப் புரியவில்லை. அத்தை சொன்னார். கல்யாணமான புதிதில் மாமா ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய், மனசு உருகி, மடியில் இருந்த எல்லாவற்றையும் காணிக்கையாகப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அதில் மாடு வாங்கித் தரச் சொல்லி ஒரு விவசாயி கொடுத்த முன்பணமும் இருந்தது. அத்தையின் தோடு அடகுக்குப் போனது. இரண்டு மாதம் கஞ்சி. மாமா வெட்கப்பட்டுக்கொண்டு ஆறு மாதம் கோயில் பக்கமே போகவில்லை.

“அப்பறந்தேன் ஒரு ஏற்பாடு. மாசம் பொறந்தா இந்தா, இங்ஙனதேன் உக்காருவோம். துண்டப் போட்டுக்கிட்டு அவரு எங் கையப் பிடிப்பாரு. எப்பயும் அஞ்சையும் பிடிப்பாரு. நான் மூணை மடக்குவேன். மொறைப்பாரு. நான் நிமித்த மாட்டேன். ரெண்டு வெரலு, தாயி. ஒரு மாசங்கூடத் தவறல.”

அன்று அவர் என்னிடம் விடுதி அக்காவைப் பற்றிச் சொன்னது எதுவும் ஊகமில்லை. கூச்சப்பட்டுக் கோயிலுக்கு வராமல் நின்றவர் அவரே.

மறுநாள் ஞாயிறு. எங்கள் சபையிலிருந்து இன்னொரு இளம் குடும்பம் கம்போடியாவுக்குக் கிளம்புகிறது, கைக்குழந்தையோடு. ஆராதனை முடிந்து அவர்களுக்காகப் பக்கவாசலில் அத்தை நின்றார், கையின் மேல் அந்தத் துண்டு. வெளுத்து நைந்துவிட்டது. நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. துண்டுக்குள் கையை விட்டு அத்தையின் ஐந்து விரலையும் இறுக்கிப் பிடித்தேன். ஐந்தும் மாமாவுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு கணம் அந்தக் கை சும்மா இருந்தது. பிறகு சுண்டுவிரல் மடங்கியது, அடுத்தது மடங்கியது, நடுவிரலும் மடங்கியது. இழுத்துப் பார்த்தேன். நிமிரவில்லை.

“நீயும் அங்ஙன அரிசி வாங்கணும்ல,” என்றார் அத்தை, எனக்கு மட்டும் கேட்கும்படி.

என் பிடியில் இரண்டு விரல் இருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பின்னால் நின்ற விடுதி அக்கா, “நகரும்மா, எனக்கு உலை காயுது,” என்று முதுகில் இடித்தார்.

“கைய விடு தாயி, ஆளு நிக்குது,” என்றார் அத்தை.

நான்தான் விடவில்லை.